படித்தவரா, விவரமானவரா: பிரசிடெண்ட் பதவிக்கு யாரை நிறுத்துவது?

எங்கள் ஊராட்சியில் அடுத்த தேர்தலுக்குத் தலைவர் பதவிக்கு இரண்டு பேர் நிற்பது ஏறக்குறைய முடிவாகிவிட்டது. ஒருவர் பி.இ. சிவில் முடித்து, சென்னையில் கொஞ்ச வருடம், துபாயில் கொஞ்ச வருடம் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்ட தம்பி. இன்னொருவர் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திய அக்கா. பதினைந்து வருடமாக மகளிர் குழுவுக்கு ஊக்குநராக இருக்கிறார், ஒரு தடவை வார்டு மெம்பராகவும் இருந்திருக்கிறார். இரண்டு பேருமே நல்லவர்கள், காசு பார்க்க வருகிறவர்கள் இல்லை. அதனால்தான் முடிவெடுப்பது கஷ்டமாக இருக்கிறது.

வீட்டுக்குள்ளேயே இரண்டு கட்சி. "பி.டி.ஓ. ஆபீஸ்ல போய் நின்னா ஆபீசர் உக்கார வச்சுப் பேசணும், அதுக்குப் படிச்சவன்தான் வேணும்" என்கிறார் அப்பா. "நம்ம தெருவுல எந்தக் குழாயில தண்ணி வரலைன்னு அவனுக்குத் தெரியுமா? அவளுக்குத் தெரியும்ல" என்கிறார் அம்மா. இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இப்படியே பேசிக்கொண்டிருந்தால் கடைசியில் சாதியும் சொந்தமும் பார்த்து ஓட்டுப் போடுவதில்தான் முடியும். அதனால் உட்கார்ந்து, பஞ்சாயத்திலிருந்து நாடு வரைக்கும் படிப்பு எங்கே கைகொடுத்தது, விவரம் எங்கே கைகொடுத்தது, இரண்டும் எங்கே கவிழ்த்தது என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதிப் பார்த்தேன்.

முதலில் எங்கள் ஊரில் நடந்தது. 2011-ல் தலைவராக வந்தவர் எனக்குப் பெரியம்மா முறை. கையெழுத்துப் போடத் தெரியும், எழுத்துக்கூட்டிப் படிப்பார், அவ்வளவுதான். அடுத்த வருடம் மழை பொய்த்துவிட்டது. குடிதண்ணீருக்குப் புது போர் போட்டு மேல்நிலைத் தொட்டி கட்ட எஸ்டிமேட் வந்தது. நிலத்தடி நீர் பார்க்கும் கருவியோடு வந்து, ஊருக்கு வடக்கே மேட்டில் புள்ளி குறித்துவிட்டுப் போயிருந்தார்கள். வேலை ஆரம்பிக்கிற அன்றைக்கு ஓவர்சியரும் ஒரு சின்ன வயது என்ஜினியரும் வந்திருந்தார்கள். பெரியம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வெயிலில் நின்று அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இந்த மேட்டுல தண்ணி இருக்கும்யா, நான் இல்லேங்கல. ஆனா சித்திரை பொறந்தா உப்பேறிரும். நான் மாடு மேச்ச காலத்துல இங்கன ஒரு கெணறு கெடந்துச்சு, மாடே வாய் வைக்காது" என்றார்.

ஓவர்சியர் சிரித்துவிட்டார். அந்த என்ஜினியர் பையன் சிரிக்கவில்லை. "எங்கம்மா அந்தக் கெணறு?" என்று கேட்டார். பெரியம்மா ஒரு கருவேலம் புதரை அரிவாளால் ஒதுக்கிக் காட்டினார். மண் மூடிக் கிடந்த கிணற்றின் கல்வளையம், அரை வட்டம் மட்டும் வெளியே தெரிந்தது. என்ஜினியர் குனிந்து அந்தக் கல்லில் வெள்ளையாகப் பூத்திருந்த உப்பை விரலால் சுரண்டிப் பார்த்தார். இரண்டு வாரம் கழித்துக் கண்மாய்க் கரைக்கு இடம் மாறியது. அந்த போர் இன்றைக்கும் ஓடுகிறது, கோடையில்கூட குடிக்கிற தண்ணீர்தான் வருகிறது.

இந்தக் கதையை இங்கேயே நிறுத்தினால் அம்மா ஜெயித்துவிடுவார். ஆனால் மீதிக் கதை இருக்கிறது. அப்போது ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. மகளின் பிரசவத்துக்காக ஒரு மாதம் வெளியூர் போக வேண்டியிருந்தபோது, தெருவிளக்கும் மோட்டார் ரிப்பேரும் நின்றுவிடக் கூடாதே என்று, கேட்ட இடத்தில் எல்லாம் வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். நல்ல எண்ணத்தில்தான். திரும்பி வந்தபோது மாட்டாத பல்புக்கும் சுற்றாத மோட்டார் காயிலுக்கும் பில் எழுதிப் பணம் எடுக்கப்பட்டிருந்தது. ஆடிட்டில் பிடித்தார்கள். காசோலையில் கையெழுத்திடும் அதிகாரத்தை நிறுத்தி வைத்தார்கள். எடுத்தவர்கள் யார் என்பது ஊருக்கே தெரியும், ஆனால் காகிதத்தில் இருந்தது அவர் கையெழுத்து. சங்கிலியை விற்றுத்தான் கட்டினார். அதற்குப் பிறகு அவர் பொது வேலை என்று எதற்கும் வீட்டுப் படியை விட்டு இறங்கவில்லை. அது எனக்கு இன்றைக்கும் ஆறாத வருத்தம்.

மேட்டில் உப்பு இருப்பது தெரிந்தவருக்குக் காகிதத்தில் இருக்கும் குழி தெரியவில்லை. இதை வைத்து அப்பா ஜெயித்துவிட்டதாகவும் சொல்ல முடியாது. அந்தக் காசோலையில் இரண்டாவது கையெழுத்துப் போட்ட துணைத் தலைவர் பட்டதாரி. அவரும் வெற்றுத் தாளில்தான் போட்டிருந்தார்.

சரி, எங்கள் ஊரை விடுங்கள். இந்தப் பேச்சை எடுத்தாலே நம் ஊரில் மூன்றாவது நிமிடத்தில் காமராஜர் பெயர் வந்துவிடும். "ஆறாங்கிளாஸ்கூட ஒழுங்கா முடிக்கல, அவரை மாதிரி யார் ஆண்டா?" என்று. சொல்வது உண்மைதான். ஆனால் பாதிக் கதையைச் சொல்கிறார்கள். விருதுபட்டியில் சின்ன வயதிலேயே அப்பாவை இழந்து, பள்ளிக்கூடத்தை விட்டு, மாமாவின் ஜவுளிக் கடையில் உட்கார்ந்தவர் அவர். அங்கிருந்து நேராகக் கோட்டைக்குப் போய்விடவில்லை. நடுவில் ஏறக்குறைய ஒன்பது வருடம் சிறையில் இருந்தார், சிறையில் படித்தார், 1940-லிருந்து பல வருடம் தமிழ்நாடு காங்கிரசை நடத்தினார், ஊர் ஊராகச் சுற்றினார். 1954 ஏப்ரலில் முதலமைச்சரானபோது அவருக்கு ஐம்பது வயது. சான்றிதழ் இல்லையே தவிர, முப்பது வருடத்துக்கு மேல் பொதுவாழ்க்கையில் பயிற்சி எடுத்தவர். இந்த முப்பது வருடத்தைக் கழித்துவிட்டு "படிக்காத மேதை" என்று மட்டும் சொல்வது அவர் உழைப்பையே மறைப்பது போல எனக்குப் படுகிறது.

அதைவிட முக்கியம், அவர் யாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார் என்பது. கட்சிக்குள் தலைவர் பதவிக்குத் தன்னை எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியத்தையே அமைச்சராக வைத்துக்கொண்டார். சி.எஸ். சட்டம் படித்தவர். அவர் கையில் நிதியும் கல்வியும். சி.எஸ். பெயரை முன்மொழிந்த பக்தவத்சலமும் அதே அமைச்சரவையில். அப்புறம் ஆர். வெங்கட்ராமன் தொழில்துறைக்கு வந்தார், அவரும் வழக்கறிஞர். கிண்டி தொழிற்பேட்டையைச் சொல்லும்போது அவர் பெயரையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். பள்ளிக் கல்விக்கு நெ.து. சுந்தரவடிவேலு. எம்.ஏ. படித்து, கல்வித் துறையிலேயே வளர்ந்த அதிகாரி. பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டும், பக்கத்திலேயே பள்ளிக்கூடம் வேண்டும் என்பது பசித்த வயிற்றைப் பார்த்தவருக்கு உடனே புரியும். அதை எத்தனை பள்ளி, எத்தனை வாத்தியார், அரசு எவ்வளவு, ஊர் எவ்வளவு என்று கணக்காக மாற்ற வேறு ஆள் வேண்டும். அந்த ஆளைத் தேடிப் பிடித்து, பயப்படாமல் அதிகாரத்தைக் கையில் கொடுத்ததுதான் காமராஜரின் பெரிய திறமை என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். படிப்பு எதற்கு என்று கேட்பதற்கு அவர் பெயரைப் பயன்படுத்துகிறவர்கள், அவர் ஆட்சிக்கு வந்ததும் கை வைத்த முதல் விஷயங்களில் ஒன்று பள்ளிக்கூடம் என்பதை மறந்துவிடுகிறார்கள். தனக்குக் கிடைக்காததன் விலை அவருக்குத் தெரிந்திருந்தது.

அவருக்கு முன்னால் இருந்தவர் ராஜாஜி. படிப்பில் ராஜாஜிக்குக் குறைவேது? வழக்கறிஞர், எழுத்தாளர், கவர்னர் ஜெனரலாகவே இருந்தவர். 1939-ல் இந்தியாவிலேயே முதல்முறையாகப் பொது விற்பனை வரியைச் சென்னை மாகாணத்தில் கொண்டுவந்தார். மதுவிலக்கால் போன வருமானத்தை ஈடுகட்ட அன்றைக்கு யோசித்தது, இன்றைக்கு வரைக்கும் மாநிலங்களுக்குச் சோறு போடும் யோசனை. 1952-ல் அரிசிக் கட்டுப்பாட்டை எடுத்தபோது பதுக்கல் வரும், பஞ்சம் வரும் என்று பயமுறுத்தினார்கள். அவர் எடுத்தார், கடைக்கு அரிசி வந்தது. சந்தை எப்படி ஓடும் என்ற பழுத்த விவரம் அது. ஆக, படித்தவருக்கு விவரம் இருக்காது என்பதும் பொய்.

அதே ராஜாஜிதான் 1953-ல் அரை நாள் பள்ளித் திட்டத்தைக் கொண்டுவந்தார். கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் மூன்று மணி நேரம் படிப்பு, மீதி நேரம் அப்பா செய்யும் தொழிலை வீட்டில் கற்றுக்கொள்வது. காகிதத்தில் பார்த்தால் கச்சிதமான திட்டம்: இருக்கிற கட்டடத்திலேயே, இருக்கிற வாத்தியாரை வைத்தே இரண்டு மடங்கு பிள்ளைகள். காசும் மிச்சம். ஆனால் மலம் அள்ளுகிறவர் மகன் மத்தியானம் வீட்டுக்குப் போய் எதைக் கற்றுக்கொள்வான் என்ற கேள்வி அந்தக் கணக்கில் இல்லை. அந்தக் கேள்வி சலூன் கடைக்காரருக்குத் தோன்றியது, வண்ணாருக்குத் தோன்றியது. பெரியாரும் தி.மு.க.வும் குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வைத்துத் தெருவுக்கு வந்தபோது நாடே எதிர்த்தது. 1954 மே மாதம் காமராஜர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. அறிவித்தவர் யார் தெரியுமா? சி. சுப்பிரமணியம். ராஜாஜி அமைச்சரவையில் அதே திட்டத்துக்காக வாதாடியவர். ஒரே படித்த மனிதர், இரண்டு தலைவர்களின் கீழ் இரண்டு வேலை செய்திருக்கிறார். படிப்பு எந்தப் பக்கம் திரும்பும் என்பதைத் தலைமைதான் முடிவு செய்கிறது என்று எனக்கு இதைப் படித்தபோதுதான் உறைத்தது.

எம்.ஜி.ஆர். விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவரும் சின்ன வயதிலேயே பள்ளியை விட்டு நாடகக் கம்பெனிக்குப் போனவர். 1982-ல் சத்துணவுத் திட்டத்தை விரிவாக்கியபோது கஜானா தாங்காது என்றார்கள். தாங்கியது. ஆனால் 1979-ல் பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீட்டுக்கு ஆண்டு வருமானம் 9,000 ரூபாய் என்று வரம்பு வைத்தவரும் அவர்தான். ஏழைக்குத்தானே சலுகை என்பது யாருக்கும் சட்டென்று நியாயமாகப் படும். ஆனால் அந்த வரம்பைத் தாண்டிய குடும்பத்துப் பிள்ளைதான் முதன்முதலாகக் கல்லூரி வாசல் வரைக்கும் வரக்கூடிய நிலையில் இருந்தான் என்பதும், சாதியால் வந்த தடை சம்பளம் ஏறினால் இறங்காது என்பதும் உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியும். 1980 ஜனவரி நாடாளுமன்றத் தேர்தலில் 39-ல் இரண்டே தொகுதிதான் அவர் கட்சிக்குக் கிடைத்தது. உடனே உத்தரவைத் திரும்பப் பெற்றார், 31 சதவீதத்தை 50 ஆக்கினார். தப்பு என்று தெரிந்ததும் கௌரவம் பார்க்காமல் திரும்பியதை நான் அவர் கணக்கில் வரவாகத்தான் வைப்பேன், அடி வாங்கிய பிறகுதான் என்றாலும்.

இப்போது கொஞ்சம் எதிர்ப்பக்கம். விவரம், அனுபவம் என்பதெல்லாம் கண்ணால் பார்த்தது, கையால் தொட்டது வரைக்கும்தான் கூட வரும். ஒரு ஊர், ஒரு தாலுகா வரைக்கும் அது கில்லாடி. நாடு என்று வந்துவிட்டால் வீட்டுக் கணக்கு அங்கே உதவாது, சில நேரம் ஆளையே கொன்றுவிடும். 1958-ல் சீனாவில் மாவோ, சிட்டுக்குருவி தானியம் தின்கிறது, ஆகவே குருவியைக் கொல்லுங்கள் என்றார். எந்த விவசாயிக்கும் சரியென்று படுகிற பேச்சு. தட்டு தட்டி, தகரம் தட்டி, உட்கார விடாமல் விரட்டி விரட்டி, களைத்து விழும்வரை விரட்டிக் கொன்றார்கள். குருவி பூச்சியையும் தின்கிறது என்று பறவைகளைப் படித்தவர்கள் சொன்னது தாமதமாகத்தான் காதில் ஏறியது. 1960-ல் பட்டியலிலிருந்து குருவியை எடுத்துவிட்டு மூட்டைப் பூச்சியைச் சேர்த்தார்கள். அதற்குள் பூச்சி பெருகியிருந்தது, பஞ்சமும் வந்துவிட்டது. பஞ்சத்துக்குக் குருவி மட்டும் காரணம் இல்லை, வேறு பெரிய காரணங்கள் இருந்தன. ஆனால் எரிகிற வீட்டில் இதுவும் ஒரு கொள்ளி.

1991-ல் நம் நாட்டில் நடந்தது இதற்கு நேர் எதிர். அன்னியச் செலாவணி இரண்டு, மூன்று வார இறக்குமதிக்குத்தான் இருந்தது. ரிசர்வ் வங்கி ஏறக்குறைய 47 டன் தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைத்தது. நகையை அடகு வைத்த வீட்டில் நாம் என்ன செய்வோம்? செலவைச் சுருக்குவோம், கடையை இழுத்துச் சாத்துவோம். நரசிம்ம ராவும் மன்மோகன் சிங்கும் அந்த ஜூலையில் ரூபாய் மதிப்பைக் குறைத்தார்கள், பல தொழில்களுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று கதவைத் திறந்தார்கள். தன் காசின் மதிப்பைத் தானே குறைத்துக்கொள்வது ஒரு மளிகைக் கடைக்காரருக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். அதற்குப் பொருளாதாரம் படித்த மூளை வேண்டியிருந்தது. கூடவே, சிறுபான்மை அரசை வைத்துக்கொண்டு அதை நாடாளுமன்றத்தில் தாண்டவைக்க ராவின் நாற்பது வருட அரசியல் விவரமும் வேண்டியிருந்தது. ராவ் மட்டும் இருந்தால் யோசனை வந்திருக்காது, மன்மோகன் மட்டும் இருந்தால் யோசனை காகிதத்தை விட்டு நகர்ந்திருக்காது.

படித்தவர்கள் கூட்டமாகச் சேர்ந்தால் பிழை நடக்காது என்றும் நம்ப வேண்டாம். பக்கத்தில் இலங்கையைப் பாருங்கள். கோட்டாபய ராஜபக்ச ஆட்சிக்கு வந்தபோது அவருக்குப் பின்னால் வியத்மக என்று பேராசிரியர்களும் டாக்டர்களும் தொழில் வல்லுநர்களும் சேர்ந்த அமைப்பே இருந்தது. 2021 ஏப்ரலில் ரசாயன உர இறக்குமதியை ஒரே அடியாகத் தடை செய்தார்கள். வேளாண் விஞ்ஞானிகள் வேண்டாம், படிப்படியாகச் செய்யுங்கள் என்று எழுதினார்கள், பேசினார்கள். வயலில் நின்ற விவசாயியும் அதையேதான் சொன்னார். வன்னியிலும் மட்டக்களப்பிலும் நெல் போட்ட நம் ஆட்கள் யூரியா இல்லாமல் மஞ்சளடித்த பயிரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நவம்பரில் தடையை விலக்கினார்கள், அதற்குள் அந்தப் போகம் போய்விட்டது. அங்கே படிப்புக்குக் குறைவில்லை. படித்தவர்களில் அந்த விஷயம் தெரிந்தவர் யார் என்று பிரித்துப் பார்க்கவில்லை, மண்வெட்டி பிடித்தவனையும் கேட்கவில்லை. டாக்டர் பட்டம் என்றால் எல்லாவற்றுக்கும் பட்டம் என்று நினைத்துக்கொள்வது நம் ஊரிலும் இருக்கிற வியாதிதான்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப சட்டம் போட்டுரலாம், குறைஞ்சது பத்தாவது பாஸ்னு" என்று என் மாமா ஒருவர் சொன்னார். ஆசை புரிகிறது. அரசியல் சட்டத்துக்குக் கடைசி ஒப்புதல் கொடுத்த 1949 நவம்பர் 26 அன்றே ராஜேந்திர பிரசாத் இதைப் பற்றி வருத்தப்பட்டார். சட்டத்தை அமல்படுத்துகிறவருக்குத் தகுதி கேட்கிறோம், சட்டம் செய்கிறவருக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டால் போதும் என்கிறோம், இது முரணாக இருக்கிறதே என்று. ஆனால் 1951 கணக்கெடுப்பில் நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 18 சதவீதம். அன்றைக்கு வரம்பு வைத்திருந்தால் நூறில் எண்பதுக்கு மேற்பட்டவர்களை வெளியே நிறுத்திவிட்டுத்தான் குடியரசு தொடங்கியிருக்கும்.

ஹரியானா 2015-ல் இதைச் செய்தே காட்டியது. பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கப் பொதுவாகப் பத்தாம் வகுப்பு, பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் எட்டாம் வகுப்பு, உறுப்பினர் பதவிக்கு நிற்கும் பட்டியலினப் பெண்ணுக்கு ஐந்தாம் வகுப்பு. அந்த டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் ராஜ்பாலா வழக்கில் சரி என்று சொல்லிவிட்டது. நல்லது கெட்டது பிரித்தறியும் சக்தியைக் கல்விதான் கொடுக்கிறது என்பது தீர்ப்பில் இருந்த வாதம். எனக்கு அதை ஏற்க மனம் வரவில்லை. மேட்டில் உப்பு இருக்கிறது என்று சொன்ன பெரியம்மாவுக்கு நல்லது கெட்டது தெரியாதா? அதிலும் அந்தச் சட்டத்தை நிறைவேற்றிய எம்.எல்.ஏ. பதவிக்கு எந்தப் படிப்பும் தேவையில்லை, அடிமட்டத்தில் குழாய் பார்க்க வருகிறவருக்கு மட்டும் மார்க் ஷீட். பள்ளிக்கூடம் அனுப்பாதது அவர் குற்றமும் இல்லை. ராஜஸ்தானும் 2014 டிசம்பரில் இதே மாதிரி கொண்டுவந்து, 2019-ல் எடுத்துவிட்டது. பாகிஸ்தானில் 2002-ல் எம்.பி. ஆகப் பட்டம் வேண்டும் என்று வைத்தார்கள். 2008-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது, அதற்குப் பிறகு எத்தனை பேர் போலிப் பட்டம் காட்டி உள்ளே வந்திருந்தார்கள் என்பது வரிசையாக வெளியே வந்தது. பட்டம் கேட்டால் பட்டம் வரும், படிப்பு வரும் என்று சொல்ல முடியாது. ஆகவே சட்டம் என்கிற மூன்றாவது வழியை நான் அடித்துவிட்டேன். நம் ஊரில் பாதி இடம் பெண்களுக்கு என்று ஒதுக்கிய பிறகு, நாற்பது வயதைத் தாண்டிய பெண்களில் எத்தனை பேர் பத்தாவது தாண்டியிருக்கிறார்கள் என்று உங்கள் தெருவிலேயே எண்ணிப் பாருங்கள்.

ஆனால் பெரியம்மாவின் சங்கிலி போனதையும் மறக்க முடியாது. பிரசிடெண்ட் வேலை இப்போது இன்னும் காகிதமாகிவிட்டது. பதினைந்தாவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் தண்ணீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே கட்டி வைக்கப்பட்டது. அந்தப் பணத்தில் ரோடு போட்டால் ஊர் பாராட்டும், ஆடிட் பாராட்டாது. எந்தத் தலைப்பில் எவ்வளவு இருக்கிறது, எந்தத் தலைப்பிலிருந்து எதற்கு எடுக்கலாம், நடந்த வேலையின் அளவை எழுதி வைக்கும் எம்-புக்கில் ஓவர்சியர் எழுதிய அளவும் தரையில் இருக்கிற அளவும் ஒன்றா, இதைக் கேட்கத் தெரியாதவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் யாரோ ஒருவருடைய ரப்பர் ஸ்டாம்பாக ஆகிவிடுவார். இந்த விஷயத்தில் அப்பாவின் பயம் நியாயமான பயம்.

இனி அந்த இரண்டு பேர். நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். 2019-ல் தேர்ந்தெடுத்தவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்து ஊராட்சி தனி அலுவலர் கைக்குப் போய்விட்டதால், கிராம சபைக்கு ஆள் வருவதே குறைந்துவிட்டது. அப்படி ஒரு கூட்டத்தில் தம்பி எழுந்து ஊருக்கு நடுவே போகும் வாய்க்காலைக் கான்கிரீட் போட்டுவிடலாம் என்று ஒரு வரைபடம் காட்டினார். வரைபடம் அருமை, செலவுக் கணக்கும் சுத்தம். பின்னால் இருந்து, கண்மாய் மடையைத் திறந்து மூடுகிற வேலை பார்த்த பழைய மடைக்காரர் ஒருவர், "தம்பி, ஐப்பசியில கண்மாய் நெறஞ்சு கலுங்கு பாஞ்சா இந்த வாய்க்கா ரெண்டாளு அகலம் போகும், நீ மூணடி போட்டிருக்கே" என்றார். தம்பி, "அதெல்லாம் கால்குலேஷன் பண்ணித்தான்யா போட்டிருக்கு" என்று உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. பெரியம்மா காலத்து அந்த என்ஜினியர் பையன் "எங்கம்மா அந்தக் கெணறு?" என்று கேட்டது ஞாபகம் வந்தது.

அதே கூட்டத்தில் ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கான படிவம் 30 வழக்கம் போல யாருக்கும் புரியாத வேகத்தில் வாசிக்கப்பட்டது. முடிந்ததும் கையெழுத்து நோட்டு சுற்றி வந்தது. அக்கா நோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார், கையெழுத்துப் போடவில்லை. பக்கத்தில் இருந்த பி.காம். படிக்கிற பெண்ணிடம், "இந்த நாலாவது வரி என்னாத்தா? பராமரிப்புன்னா எதைப் பராமரிச்சது?" என்று கேட்டார். அவள் படித்துச் சொன்னாள். அடுத்த வரி, அதற்கடுத்த வரி. கால் மணி நேரம் நோட்டு நகரவில்லை. வந்திருந்த அலுவலர் நேரமாகிறது என்றார். "எனக்குப் படிக்க வராதுங்க சார், அதான் கேட்டுப் போடுறேன். கேக்காமப் போட்டவுக கதை இந்த ஊருக்குத் தெரியும்" என்றார் அக்கா. எங்கள் வரிசையில் யாரும் பேசவில்லை.

இவ்வளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் ஓட்டு அக்காவுக்குத்தான். தெரியாததைத் தெரியாது என்று நாலு பேர் முன்னால் சொல்லி, தெரிந்தவரிடம் கேட்டு, புரிந்த பிறகே கை நீட்டுகிற பழக்கம் அவரிடம் இருக்கிறது. தம்பியிடம் படிப்பு இருக்கிறது, அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை. வராது என்று சொல்ல மாட்டேன், முப்பத்தைந்து வயதுதான் ஆகிறது. ஒருவேளை அக்கா கேட்காமல் போடுகிற ஆளாகவும், தம்பி மடைக்காரர் பக்கம் திரும்பி உட்காருகிற ஆளாகவும் இருந்திருந்தால், ஐந்தாம் வகுப்பா பி.இ.யா என்று பார்க்காமல் தம்பிக்குப் போட்டிருப்பேன்.

ஆனால் தம்பியை விட்டுவிடவும் கூடாது, அது ஊருக்கு நஷ்டம். துணைத் தலைவரை வார்டு மெம்பர்கள் தங்களுக்குள்ளேதான் தேர்ந்தெடுக்கிறார்கள், ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவரோடு அவருடைய ஒப்புதலும் வேண்டும். தம்பி தலைவருக்கு நிற்காமல் தன் வார்டில் மெம்பராக நின்று துணைத் தலைவராக வந்தால், எஸ்டிமேட்டையும் எம்-புக்கையும் ஏமாற்ற முடியாத ஒரு கண் அந்தக் காகிதத்தின் மேல் இருக்கும். இதை அவரிடம் போன வாரம் நேரில் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. "அஞ்சாவது படிச்ச அக்காவுக்குக் கீழயாண்ணே?" என்றார். நான் வாய்க்கால் அகலத்தைப் பற்றிக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "அந்த மடைக்காரர் வீடு எங்கே இருக்கு?" என்று கேட்டார். வடக்குத் தெரு, வேப்பமரத்துக்கு அடுத்த ஓட்டு வீடு என்று சொல்லி அனுப்பினேன். போனாரா இல்லையா என்று இந்த ஞாயிற்றுக்கிழமை தெரிந்துவிடும், அன்றைக்குச் சாயங்காலம் அக்கா வீட்டுத் திண்ணையில் மூன்று வருட படிவம் 30-ஐ வரி வரியாகப் படிக்கப் போகிறோம், இருவரையும் வரச் சொல்லியிருக்கிறேன்.